நான் எதுக்குத் தொடுறேன்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு, பிளஸ்ஸியும் பெலிக்ஸும் முன்னறையில் கோரைப்பாயை விரித்து, கம்ப்யூட்டர் பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்கள். ஆனி மாதம். மலைப்பக்கமிருந்து இறங்கிய காற்று பஞ்சு மார்க்கெட் தெருக்களில் புழுதியை அள்ளிக்கொண்டு போனது. தூசி விழும் என்று பெலிக்ஸ் ஜன்னலைச் சாத்தச் சொன்னான். தெர்மாகோல் துணுக்குகள் பறக்கின்றன என்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. அறைக்குள் மூன்று பேர் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் பிளஸ்ஸியின் அப்பா சத்தியநேசன்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ராத்திரி ஷிப்டில் ஒரு மிஷின் நின்றுபோனால்கூட, ஷிப்டில் இருக்கிற ஆளை விட்டுவிட்டு, "நேசண்ணனுக்கு ஒரு போனப் போடுங்க" என்பார்கள். பேனல் கதவைத் திறந்து மூக்கை நீட்டி ஒரு தடவை மோந்து பார்த்தாரானால் எங்கே புகைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மில்லில் வருகிற கோளாறில் பாதிக்கு மேல் பஞ்சுத்தூசிதான். காண்டாக்ட்டில் தூசி அடைந்திருக்கும். கழற்றி, வேஸ்ட் துணியால் நறுவிசாகத் துடைத்து மாட்டினால் மிஷின் மறுபடி ஓடும். இந்த ஒரு வித்தையை வைத்தே அவர் அந்த மில்லில் மூன்று மேனேஜர்களைப் பார்த்துவிட்டார்.

பிளஸ்ஸி ஒரே மகள். இருபத்துநாலு வயசு. மதுரையில் அனிமேஷன் படித்துவிட்டு வந்து, இரண்டு வருஷமாகத் தென்காசி ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு முகம் வெளுப்பாக்குவதும், பெண் வீட்டார் வேண்டாமென்று சொன்ன சித்தப்பாவைப் படத்திலிருந்து எடுப்பதும்தான் வேலை. அந்த மாதம்தான் சென்னையில் ஒரு கம்பெனி அவளுக்கு ஒரு பரீட்சை கொடுத்திருந்தது. மழை பெய்து நனைந்த ரோட்டில் ஒரு பஸ் போக வேண்டும். சக்கரம் தண்ணீரைச் சிதறடிக்க வேண்டும். ஒரு நிமிஷப் படம். திங்கட்கிழமையிலிருந்து பத்து நாள் தவணை. நன்றாக இருந்தால் வேலை. ஸ்டுடியோக் கம்ப்யூட்டரில் அந்தத் தண்ணீரைச் செய்யப் பார்த்தால் மிஷின் அப்படியே உறைந்து நின்றுவிடும். அதனால்தான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் போட்டு இந்தப் புது மிஷின்.

பெலிக்ஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். சத்தியநேசனின் மனைவி சந்தனமேரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். சந்தனமேரி பிறந்த வீடு ஆர்.சி. கத்தோலிக்கம். கல்யாணமாகி வந்தபிறகுதான் புருஷனுடைய சர்ச்சுக்கு வந்தாள். பெலிக்ஸ் அவளை அத்தை என்பான், இவரை மாமா என்பான். சந்தனமேரி மனதில் ஒரு கணக்கு இருந்தது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் தெருவுக்கே தெரியும்.

சத்தியநேசனுக்குப் பையன்மீது வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் மகள் வாயைத் திறந்தால் "பெலிக்ஸ் இப்படிச் சொன்னான், பெலிக்ஸ் அப்படிச் சொன்னான்" என்றுதான் வந்தது. வீட்டில் ஒரு சுவிட்சு போனால் "அப்பா" என்று ஓடிவந்த பிள்ளை. அது அவருக்குள் எங்கேயோ உறுத்திக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் பூட்டி முடித்தார்கள். சந்தனமேரி ஆட்டுக்கறிக் குழம்பும், சப்பட்டை மாம்பழத் துண்டுகளும் வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பிளஸ்ஸி ஜெபம் சொல்லி சுவிட்சைப் போட்டாள். உள்ளே விசிறிகள் சுற்றின. நீல விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்ன எழுத்து வந்து, அதுவும் அணைந்தது.

"என்னலே, படத்தக் காணோம்?" என்றார் சத்தியநேசன்.

"இருங்க மாமா. மொத தடவ கொஞ்ச நேரம் எடுக்கும்."

செத்த நேரம் பார்த்தார்கள். வரவில்லை. பெலிக்ஸ் அணைத்துவிட்டு வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். திரையின் வயர் சரியான ஓட்டையில்தான் இருந்தது. பிராசசருக்குப் போகிற கரண்டு வயரை உருவி மறுபடி செருகினான். திரும்பப் போட்டான். படம் இல்லை.

"இந்தா பாரு பிளஸ்ஸி. போர்டு ஓரத்துல நாலு சின்ன விளக்கு இருக்கா? இந்த மஞ்ச விளக்கு மட்டும் நின்னு எரியுது பாத்தியா? ராம்ல கோளாறுன்னா இதுதான் எரியும்."

சீப்பு மாதிரி இருந்த ஒரு பட்டையை அவன் பிடுங்கினான். அதுதான் ராம். ஒன்றே ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். அடுத்த பள்ளத்தில் செருகி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினான். மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது.

"எர்த்து சரியில்லாம இருக்கும்லே," என்றார் சத்தியநேசன். "இந்த லயன்ல நியூட்ரல்ல எப்பவுமே லேசா கரண்டு வரும். நான் வேணா டெஸ்டரக் கொண்டாரட்டா?"

"அப்பா, செத்த சும்மா இருங்கப்பா," என்றாள் பிளஸ்ஸி, திரும்பிப் பார்க்காமல். "இது ஒங்க மில்லு மோட்டார் இல்ல."

பெலிக்ஸ் சங்கடப்பட்டு, "மாமா சொல்றதும் பாக்க வேண்டியதுதான்," என்றான். அவன் சமாதானம் சொன்னதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

நாலு மணி சுமாருக்கு, "கடைசியா ஒண்ணு பாத்துருவோம், பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு," என்று பெலிக்ஸ் பிராசசரைக் கழற்றினான். மேலே இருந்த குளிர்விசிறியை எடுத்து, பக்கத்தில் இருந்த கம்பியை விடுவித்து, தகட்டைத் திறந்து, தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருந்த அந்தச் சில்லை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தூக்கினான். கீழே போர்டில் இருந்த குழியில் நூற்றுக்கணக்கில் பொன்னிற ஊசிகள். உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்று திரும்ப வைத்து மூடி, புதிதாகப் பசை தடவி, விசிறியைப் பொருத்தினான். சத்தியநேசன் கம்பியை எந்தப் பக்கம் அமுக்கி எப்படித் தூக்குகிறான் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இம்புட்டுத்தானா என்று நினைத்தார்.

பெலிக்ஸ் சுவிட்சில் கை வைக்கப்போன நேரத்தில் கரண்டு போயிற்று. சேத்தூர் பக்கம் காற்றில் மரம் விழுந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் பார்த்தும் வரவில்லை. கடையில் ஒரு ஆள் காத்திருப்பதாகப் பெலிக்ஸுக்குப் போன் மேல் போன் வந்தது.

"ராம்தான் பிளஸ்ஸி. எனக்குத் தெரியுது. இதே ரகத்துல ராம் போட்ட மிஷின் ஒண்ணு கடைக்கு வந்துருக்கு. நாளைக்கு இதக் கொண்டா, அதுல செருகிப் பாத்துருவோம். அதுவரைக்கும் எதையும் தொடாத." பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனான்.

மறுநாள் திங்கட்கிழமை. சத்தியநேசன் முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. பிளஸ்ஸி ராமை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். சந்தனமேரி தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் டெய்லர். அவளை வேன் கொண்டுவந்து விட ஏழு மணியாகும். அவர் மூடி வைத்திருந்த சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். முன்னறையில் பாய்மேல் பக்கக்கதவு திறந்தபடி கம்ப்யூட்டர் நின்றுகொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ராம் என்கிறான் பையன். புதுச் சாமான் எப்படிப் போகும்? காண்டாக்ட்தான் விட்டிருக்கும். அம்புட்டு ஊசியில் ஒன்றில் தூசி இருந்தால் போதாதா? ராஜபாளையத்துக் காற்றில் பஞ்சு பறக்காத இடம் ஏது? துடைத்து வைத்துவிட்டால், அவர்கள் வந்து செருகியதும் படம் வந்துவிடும். அப்போது சாவகாசமாகச் சொல்லலாம், நான்தான் துடைத்தேன் என்று. மகள் திரும்பிப் பார்ப்பாள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தார். நேற்றுப் பார்த்தது அப்படியே மனதில் இருந்தது. விசிறியைக் கழற்றினார். கம்பியைத் தூக்கினார். சில்லை எடுத்துத் தட்டில் வைத்தார். டிபன் பையில் மில்லிலிருந்து கொண்டுவந்த சுத்தமான வேஸ்ட் துணி இருந்தது. அதை விரலில் சுற்றி, முப்பத்தொரு வருஷமாகக் காண்டாக்ட்டுகளைத் துடைத்த அதே பதத்தில், அந்தக் குழியில் ஒரு இழுப்பு இழுத்தார்.

துணி எங்கோ மாட்டியது. கையை எடுத்தார். ஒரு நூல் ஊசிகளுக்குள் சிக்கி நின்றது. அதைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாது. இழுத்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். நடவு வயலில் மாடு இறங்கி நடந்ததுபோல ஊசிகள் ஒரு மூலையில் சரிந்து கிடந்தன. சந்தனமேரியின் தையல் ஊசியை எடுத்துவந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தார். இரண்டு நிமிர்ந்தன. மூன்றாவது ஒடிந்து, கண்ணுக்குத் தெரியாத தூசாகப் போய் எங்கோ விழுந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை.

அப்போது போன் அடித்தது. பிளஸ்ஸி.

"அப்பா! ராம்தான்ப்பா. செத்துப்போச்சு அது. பெலிக்ஸ் வேற ஒரு ஆளுக்கு வச்சிருந்தத எனக்குத் தாரான். அவனும் கூட வாரான். ஆறு மணிக்குள்ள வந்துருவோம். இன்னைக்கே வேல ஆரம்பிச்சிருவேன்ப்பா."

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சரிம்மா," என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிற்பாடு எத்தனையோ தடவை அவர் அந்த இடத்துக்குத்தான் திரும்பி வந்தார். போனில் முகம் தெரியாது. பக்கத்தில் யாரும் இல்லை. 'பிளஸ்ஸி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்' என்று ஆரம்பித்திருந்தால் மீதி தானாக வந்திருக்கும். அவர் சில்லைத் திரும்ப வைத்து மூடினார். பாயோரம் கிடந்த டியூபிலிருந்து பசையைப் பிதுக்கித் தடவினார். விசிறியைப் பொருத்தினார். துணியைச் சுருட்டி டிபன் பைக்குள் திணித்தார். மறுபடி கை கழுவிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டார்.

ஆறு மணிக்கு வந்தார்கள். பிளஸ்ஸி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. பெலிக்ஸ் ராமைச் செருகி சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. போர்டின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு அணைந்து, பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேத்து இது எரியலயே," என்றான் பெலிக்ஸ். அவன் முகம் மாறியது. விசிறியைக் கழற்றி, சில்லைத் தூக்கி, போன் வெளிச்சத்தைப் பிடித்துக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"என்ன பெலிக்ஸ்?"

"பின்னு வளஞ்சிருக்கு. ஒண்ணு ஒடிஞ்சே போச்சு."

"எப்படி? நேத்து நல்லாருக்குன்னு சொன்னியே."

"எடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு." அவன் பேச்சு இழுத்தது. "திரும்ப வைக்கும்போது..."

பிளஸ்ஸி அப்பாவைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. சும்மா கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"அப்பா, நீங்க எதுவும் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடுறேன்?" என்றார் சத்தியநேசன். சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "இது மில்லு மோட்டாரா நான் தொடுறதுக்கு? நேத்து பஸ்ஸுக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு அவசர அவசரமா மூடுனான்ல. அதுல ஆயிருக்கும்."

பெலிக்ஸ் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக்கொண்டான்.

"ஆமா மாமா," என்றான். "நான்தான். கரண்டு இருந்துருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

ஊசி வளைந்த போர்டைக் கம்பெனி திரும்ப எடுக்காது. வேறு போர்டு தன் பொறுப்பு என்று பெலிக்ஸ் சொன்னான். பிளஸ்ஸி தரவந்த பணத்தையும் வாங்கவில்லை. அந்த ரகம் மதுரையிலும் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும். அது வந்துசேர ஒன்பது நாள் ஆயிற்று. பிளஸ்ஸி ஸ்டுடியோவில் கெஞ்சிக் கூத்தாடி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாள். பஸ் போயிற்று. ரோடும் வந்தது. சக்கரத்தடியில் தண்ணீர் மட்டும் கடைசிவரை தண்ணீர்மாதிரி ஆகவில்லை. தவணை முடிந்த அன்று, இருந்ததை அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. நன்றி என்று தொடங்கிய கடிதம்.

அன்றைக்கு அவள் பெலிக்ஸோடு போனில் பேசியதைச் சத்தியநேசன் பக்கத்து அறையில் இருந்து கேட்டார்.

"ஒனக்கென்ன, பஸ்ஸப் புடிக்கணும், ஓடிட்ட... வேற போர்டு வாங்கிக் குடுத்தா ஆச்சா? அந்தப் பத்து நாள வாங்கித் தருவியா?... நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இனிமே போன் பண்ணாத."

அவர் எழுந்து போய் வாசலில் நின்றார். மலைமேல் மேகம் அடைந்துகிடந்தது. உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டடி வைத்தார். அதற்குள் சந்தனமேரி வேனிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். மகள் அழுகிறதைப் பார்த்துவிட்டு, "அவன் கையி வெளங்குமா? எங்க அண்ணன் பிள்ளைன்னு நம்பி விட்டேன் பாரு," என்று ஆரம்பித்தாள். அவர் முகம் கழுவப் போனார்.

ஆவணியில் பிளஸ்ஸி சென்னைக்குப் போனாள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸ். படம் போடுகிற வேலை இல்லை. வேறு போர்டு மாட்டியபின் புது மிஷின் இப்போது நன்றாக ஓடியது. அதை அவள் கொண்டுபோகவில்லை. பழைய புடவை ஒன்றைப் போர்த்தி வைத்துவிட்டுப் போனாள். பெலிக்ஸ் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. சந்தனமேரி பிறந்த வீட்டு விசேஷங்களுக்குப் போய்விட்டு வந்தால், அவனைப் பார்த்ததாகவும் பேசவில்லை என்றும் சொல்லுவாள். அந்தக் கணக்கும் அதோடு முடிந்தது.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. மறைத்தது மறைந்தேவிடும் என்று சத்தியநேசனும் ஏறக்குறைய நம்பிவிட்டார்.

அடுத்த ஆனியில் மில் ஆபீசுக்குப் புதுசாக நாலு கம்ப்யூட்டர் பூட்ட வேண்டியிருந்தது. ஆபீசில் கணக்கெழுதும் மாரிக்கனி அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தர் வில்லிபுத்தூர்ல இருக்காருல்ல? அவருக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்களேன். சாமான நம்ம வாங்கிருவோம். பூட்டித் தந்தாப் போதும்," என்றாள்.

நாலு மிஷின். நல்ல வேலை. அவனுக்கு ஏதோ ஒன்று செய்த மாதிரி ஆகும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவனுக்குப் போன் போட்டார். பெலிக்ஸ் மரியாதையாகத்தான் பேசினான்.

"இல்ல மாமா. புதுசு பூட்டுறத விட்டுட்டேன்."

"ஏன்லே?"

"பிரிண்டருக்கு மை போடுறேன். கேமரா மாட்டுறேன். அது போதும்." பிறகு அவனே தொடர்ந்தான். "பிளஸ்ஸி மிஷினுக்கு அப்புறம் ரெண்டு பூட்டுனேன் மாமா. அந்தச் சில்ல எடுத்தாலே கை ஆடுது. எட்டு வருஷமா செஞ்ச வேல. எங்க தப்பு வந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், புடிபடல. தப்பு எங்கன்னு தெரிஞ்சாத் திருத்திக்கலாம். தெரியாமப் போச்சே. அடுத்தவங்க சாமான்ல எந்த நம்பிக்கைல கைய வைக்க?"

சத்தியநேசன் போனை வைத்துவிட்டு பேனல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவன் திட்டு வாங்கியதும், போர்டு வாங்கித் தந்ததும், இந்த வீட்டு வாசல் அவனுக்கு இல்லாமல் போனதும் அவருக்குத் தெரியும். அதோடெல்லாம் எப்படியோ சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு வேலைக்காரனுக்குத் தன் கைமீது சந்தேகம் வருவது என்னவென்று அவரைவிட யாருக்குத் தெரியும்? அவருடைய பேச்சு அல்லவா அதைச் செய்தது.

வியாழக்கிழமை அவருக்கு வார ஓய்வு. பத்து மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். வைத்தியநாத சாமி கோயிலுக்குப் போகிற தெருவில் கடை. பெலிக்ஸ் கை முழுக்கக் கறுப்பு மையோடு ஒரு பிரிண்டரைப் பிரித்து வைத்திருந்தான்.

"வாங்க மாமா. அத்த நல்லாருக்காங்களா?" ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "டீ சொல்லட்டா?"

"வேண்டாம்லே. நீ உக்காரு."

அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"அத நீ பண்ணல," என்றார். "நான்தான்."

"எத மாமா?"

"அந்தப் பின்னு. நீங்க ரெண்டு பேரும் இங்க இருந்தீங்கள்ல, திங்கக்கெழம. நான் தெறந்தேன். துணியப் போட்டுத் தொடச்சேன்."

பெலிக்ஸ் புரியாதவன்போலப் பார்த்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.

"துணியா?"

"வேஸ்ட் துணி. நூலு மாட்டிக்கிருச்சு. இழுத்தேன். அதுல சாஞ்சுபோச்சு. ஊசிய வச்சு நிமித்தப் பாத்தேன். ஒண்ணு ஒடிஞ்சிருச்சு."

"எந்தப் பக்கம்?"

"கம்பிக்கு எதுத்தாப்புல. வலது மூல."

அவன் தலையை ஆட்டினான். அந்த மூலைதான். ஒரு வருஷமாக அவன் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த மூலை. கண்ணை மூடிக்கொண்டு, மைபட்ட இரண்டு விரலையும் காற்றில் பிடித்து, எதையோ வைப்பதுபோல மெல்ல இறக்கினான். அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்ததை மறுபடி ஒருதரம் வைத்துப் பார்க்கிறான் என்று சத்தியநேசனுக்குத் தெரிந்தது.

"அப்ப நான் வச்சது சரியாத்தான் இருந்துருக்கு," என்றான்.

"சரியாத்தான் வச்சலே. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவன் கண்ணைத் திறந்தான். அழவில்லை. முகம் இறுகிப்போயிருந்தது.

"பிளஸ்ஸிக்குத் தெரியுமா?"

"இல்ல. போயிச் சொல்லுதேன்."

"இப்பச் சொல்லுங்க."

"வேலைல இருப்பா..."

"இருக்கட்டும் மாமா. இங்க வச்சே சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். நம்பரைத் தேட நேரமாயிற்று. நாலாவது மணியில் எடுத்தாள். என்னப்பா, அம்மாவுக்கு ஏதாவதா என்று பதறினாள். அவர் சொன்னார். பெலிக்ஸிடம் சொன்னதைவிடக் குறைவாக, இரண்டே வரியில் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் ஆபீஸ் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு பிளஸ்ஸி, "அவன் பக்கத்துல இருக்கானா?" என்றாள்.

"இருக்கான்."

"போன அவன்கிட்ட குடுங்க."

பெலிக்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கித் தெருவில் இறங்கிப் போனான். கடைக் கண்ணாடி வழியாக அவன் முதுகு தெரிந்தது. எதிர்ச் சுவரோரம் நின்று ரொம்ப நேரம் கேட்டான். கொஞ்சமாகப் பேசினான். ஒருதரம் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டான். ஒரு பெண் மின்கட்டண ரசீதைப் பிரதி எடுக்க வந்து, "கடைக்காரர் இல்லையா?" என்றாள். "வருவாப்ல. செத்த இருங்க," என்றார் சத்தியநேசன். அவள் இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் திரும்பி வந்து போனை மேஜைமேல் வைத்தான். லயன் அறுந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா. ஒங்ககிட்ட பொறவு பேசுறேன்னா."

"பெலிக்ஸு, நான்..."

"நீங்க போங்க மாமா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "இன்னைக்கு என்னால ஒங்ககிட்ட நல்லபடியாப் பேச முடியாது. போங்க."

அவர் எழுந்தார். படியிறங்கிச் செருப்பை மாட்டும்போது உள்ளிருந்து கூப்பிட்டான்.

"மாமா. மில்லு ஆபீஸுக்கு ஆள் பாத்துட்டாங்களா?"

"இல்ல. இன்னும் பாக்கல."

"நான் வாரேன்னு சொல்லுங்க." பிரிண்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அன்னைக்கு மட்டும் நீங்க லீவு போட்டுக்கோங்க."

வீட்டுக்கு வந்து சந்தனமேரியிடமும் சொன்னார். தைத்துத் தைத்து வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே கையை நிறுத்தினாள். "ஒரு வருஷமா அந்தப் பிள்ளைய என் வாயால வஞ்சேனே," என்றாள். அவ்வளவுதான். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை அவர் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ன என்று கேட்ட இடத்தில் சொந்த வேலை என்று எழுதினார். வேலை ஒன்றும் இல்லை. காலையிலிருந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். முன்னறையின் டியூப்லைட்டை அவசியமில்லாமல் கழற்றித் துடைத்து மாட்டினார். பதினொன்றரைக்கு மாரிக்கனி போன் செய்தாள்.

"அண்ணே, ஒங்க சொந்தக்காரர் கெட்டிக்காரரு. மொத மிஷினப் போட்டதும் படம் வந்துருச்சு. சுவிட்சப் போடும்போது அவருக்குத்தான் வேர்த்து ஊத்துச்சு. நாங்கல்லாம் சிரிச்சோம். ரெண்டாவது பூட்டிக்கிட்டு இருக்காரு."

"சரிம்மா," என்றார். "காபி வாங்கிக் குடுத்தீகளா?"

"குடுத்தாச்சுண்ணே."

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சந்தனமேரியின் கம்பெனியில் வேலை நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள். பிளஸ்ஸிக்குப் போட்டார். சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி கடைசிவரை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை போட விரலைக் கொண்டுபோனவர், அவள் பொறவு பேசுறேன் என்றுதானே சொன்னாள் என்று நினைத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.